திரையே இல்லாத சர்வர், உள்ளே பல கணினிகள்: தொலைவிலிருந்து 'விர்ச்சுவல் மெஷின்' அமைப்பது எப்படி?

2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை. இந்திய நேரப்படி இரவு 9 மணி தாண்டியதும் வாட்ஸ்அப் மெசேஜ்கள் கடிகாரச் சின்னத்தோடு அப்படியே நின்றன. பலர் மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்தார்கள். சிலர் டேட்டா பேக் முடிந்துவிட்டதா என்று பார்த்தார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எதுவுமே வரவில்லை. மறுநாள் விடியற்காலையில்தான் எல்லாம் திரும்பியது.

காரணத்தை ஃபேஸ்புக்கே பிறகு விளக்கியது. பராமரிப்பு வேலையின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, அதன் டேட்டா சென்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் மொத்த நெட்வொர்க்கையும் தெரியாத்தனமாகத் துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் ஒரு பிழை. சரி, கட்டளையைத் திருப்பிப் போட்டுவிடலாமே என்றால், அதைப் போடுவதற்கான பாதையும் அந்த நெட்வொர்க் வழியாகத்தான். அவசரத்துக்கென்று வைத்திருந்த மாற்றுப் பாதையும் சேர்ந்தே படுத்துவிட்டது. கடைசியில் இன்ஜினீயர்களை டேட்டா சென்டருக்கு நேரில் அனுப்ப வேண்டியிருந்தது. பாதுகாப்புக் கெடுபிடிகளைத் தாண்டி அவர்கள் உள்ளே போவதற்கே நேரம் பிடித்தது.

சாவியை உள்ளே வைத்துவிட்டு, தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது போன்ற நிலை இது. ஃபேஸ்புக்குக்கு நேரில் அனுப்ப ஆள் இருந்தது. ஆனால் பெருங்குடியில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்துகொண்டு, பின்லாந்தின் ஹெல்சின்கியில் மாத வாடகைக்கு சர்வர் எடுத்திருக்கும் ஒரு இளம் டெவலப்பருக்கு? அவரும் இதே தவறைச் செய்ய முடியும். சர்வரில் விர்ச்சுவல் மெஷின் அமைக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தவறில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே இந்த விஷயத்தில் 'எப்படி அமைப்பது' என்பதைவிட 'எப்படி வெளியே மாட்டிக்கொள்ளாமல் அமைப்பது' என்ற கேள்விதான் பெரியது.

'ஹெட்லெஸ்' என்றால் என்ன?

மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எதுவும் இணைக்கப்படாத கணினியை 'ஹெட்லெஸ்' என்பார்கள். தமிழில் நேரடியாகச் சொன்னால் 'முண்டம்'. அது திட்டாகிவிடும் என்பதால் ஹெட்லெஸ் என்றே வைத்துக்கொள்வோம். டேட்டா சென்டரில் அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கும் சர்வர்கள் எல்லாம் இந்த ரகம்தான். மின்சாரம் ஒரு வயர், நெட்வொர்க் ஒரு வயர். அவ்வளவுதான்.

அதற்குள் நுழைய இருக்கும் ஒரே வாசல் பெரும்பாலும் 'எஸ்எஸ்எச்'. 1995-ல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடிவிட, அங்கிருந்த டாட்டு யூலோனென் எழுதிய மென்பொருள் இது. அதுவரை புழக்கத்திலிருந்த டெல்நெட்டில் பாஸ்வேர்டு வயரில் அப்படியே திறந்த கடிதமாகப் போகும். எஸ்எஸ்எச் அதைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்து அனுப்பியது. எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று இருந்ததால், நடுவில் காலியாக இருந்த 22-ஆம் எண்ணை அவர் கேட்டு வாங்கினார். இன்றும் அதே எண்தான்.

இந்த வாசலில் வெறும் எழுத்துகள்தான் வரும், போகும். ஜன்னல், ஐகான், 'நெக்ஸ்ட் நெக்ஸ்ட் ஃபினிஷ்' எதுவும் கிடையாது. நம் லேப்டாப்பில் விர்ச்சுவல் பாக்ஸ் போட்டுப் பழகியவர்கள் முதலில் திகைப்பது இங்கேதான்.

ஒரே வீட்டில் பல போர்ஷன்

விர்ச்சுவல் மெஷின் என்பது ஒரு பெரிய வீட்டைப் பல போர்ஷன்களாகப் பிரித்து வாடகைக்கு விடுவது மாதிரி. அஸ்திவாரமும் கூரையும் ஒன்று. ஆனால் ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனிச் சமையலறை, தனி மீட்டர், தனிப் பூட்டு. ஒரு போர்ஷனில் உபுண்டு ஓடும், பக்கத்தில் விண்டோஸ் ஓடும். இருவருக்கும் தாங்கள் தனி வீட்டில் இருப்பதாகத்தான் நினைப்பு. டாக்கர் போன்ற கன்டெய்னர்களில் அறைகள் தனி என்றாலும் சமையலறை பொது. அதாவது 'கெர்னல்' எனப்படும் இயங்குதளத்தின் மையப்பகுதியை எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்கள். அதனால் கன்டெய்னர் இலகுவானது, விர்ச்சுவல் மெஷின் கூடுதல் பாதுகாப்பானது.

இந்த யோசனை புதிதல்ல. 1960-களில் ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஒரே மெயின்ஃப்ரேமை ஆளுக்கொரு கணினி போலப் பிரித்துக் கொடுத்தது. 1972-ல் அது 'விஎம்/370' என்ற பெயரில் விற்பனைக்கும் அறிவிக்கப்பட்டது. ஆனால் நம் மேசைக் கணினிகளில் இருக்கும் இன்டெல் ரக சிப்புகள் இதற்கு ஒத்துழைக்கவில்லை. உள்ளே குடியிருப்பவர் வீட்டின் மெயின் ஸ்விட்சைத் தொட்டால் உடனே வீட்டுக்காரருக்குத் தகவல் போக வேண்டும். இன்டெல் சிப்பில் 17 கட்டளைகள் அப்படித் தகவல் சொல்லாமல் நழுவிவிடும் என்று 2000-ல் ஆய்வாளர்கள் பட்டியலிட்டார்கள். 1998-ல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம் அந்தக் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதும் தந்திரத்தால் இதைச் சமாளித்தது. 2005, 2006-ல் இன்டெலும் ஏஎம்டியும் சிப்பிலேயே இதற்கான வசதியைச் சேர்த்த பிறகு வேலை சுலபமானது.

அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டு, இஸ்ரேலின் கும்ரானெட் நிறுவனத்தில் இருந்த அவி கிவிட்டி எழுதியதுதான் 'கேவிஎம்'. 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20-ல் அது சேர்க்கப்பட்டது. அன்றிலிருந்து லினக்ஸ் இருக்கும் இடத்திலெல்லாம் விர்ச்சுவல் மெஷின் அமைக்கும் வசதியும் காசில்லாமல் கிடைக்கிறது. 2006-ல் ஸென் என்ற வேறொரு மென்பொருளில் தொடங்கிய அமேசானின் கிளவுட் சேவைகூட, 2017-லிருந்து கேவிஎம் அடிப்படையிலான அமைப்புக்கு மாறத் தொடங்கியது.

முதலில் இதைப் பாருங்கள்

சர்வரை எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, சிப்பில் அந்த வசதி இருக்கிறதா என்று பார்ப்பது. லினக்ஸில் 'சிபியு இன்ஃபோ' கோப்பைத் திறந்தால் இன்டெல் என்றால் 'விஎம்எக்ஸ்', ஏஎம்டி என்றால் 'எஸ்விஎம்' என்ற சொல் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு காரணங்கள். ஒன்று, பயாஸ் செட்டிங்கில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். இன்னொன்று, நீங்கள் வாடகைக்கு எடுத்ததே ஒரு விர்ச்சுவல் மெஷினாக இருக்கலாம். மலிவாகக் கிடைக்கும் 'விபிஎஸ்' எல்லாம் இந்த வகை. போர்ஷனுக்குள் இன்னொரு போர்ஷன் கட்ட எல்லா வீட்டுக்காரர்களும் விடுவதில்லை. விடாவிட்டாலும் இன்ஸ்டால் ஆகும், ஓடவும் ஓடும். ஆனால் முழுக்க மென்பொருளாலேயே சிப்பைப் பாவனை செய்து ஓடுவதால் ஆமை வேகம். 'கேவிஎம் ரொம்ப ஸ்லோ' என்று குறைப்பட்டுக்கொள்பவர்களில் சிலர், உண்மையில் கேவிஎம்மைப் பயன்படுத்தியிருக்கவே மாட்டார்கள்.

வசதி இருக்கிறது என்றால் தேவையான மென்பொருள்கள் மூன்று. சிப்போடு பேச கேவிஎம். அது லினக்ஸிலேயே இருக்கிறது. டிஸ்க், நெட்வொர்க் கார்டு போன்றவற்றைப் பாவனை செய்ய 'க்யூஎமு'. இவற்றை மேய்க்க 'லிப்விர்ட்'. மூன்றையும் போட உபுண்டுவிலோ டெபியனிலோ ஒரே வரிக் கட்டளை போதும். இந்த வேலைகளை 'டிமக்ஸ்' என்ற கருவிக்குள் இருந்து செய்வது நல்ல பழக்கம். பாதி இன்ஸ்டாலில் உங்கள் வீட்டு வைஃபை போனாலும் சர்வரில் வேலை தொடரும், திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். மழைக்காலத்தில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியும்.

திரை இல்லாமல் இன்ஸ்டால் செய்வது எப்படி?

விர்ச்சுவல் மெஷினுக்குள் ஒரு இயங்குதளத்தை இன்ஸ்டால் செய்ய வேண்டும். அது 'மொழியைத் தேர்ந்தெடுங்கள்' என்று ஒரு திரையில் கேட்கும். அந்தத் திரை எங்கே தெரியும்? சர்வருக்கே திரை இல்லையே!

இதற்கு நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, 'விஎன்சி'. விர்ச்சுவல் மெஷினின் பாவனைத் திரையை க்யூஎமு படமாக்கி, 5900 என்ற போர்ட்டில் வைக்கும். அடுத்த மெஷினுக்கு 5901. இங்கே பலரும் ஒரு வேலை செய்வார்கள். வெளியிலிருந்து பார்க்க முடியவில்லையே என்று, அந்தப் போர்ட்டை உலகம் முழுவதற்கும் திறந்துவிடுவார்கள். இணையத்தில் திறந்து கிடக்கும் விஎன்சி போர்ட்டுகளைத் தேடி நாள் முழுக்க அலையும் நிரல்கள் ஏராளம். விஎன்சியின் பழைய பாஸ்வேர்டு முறையும் பலவீனமானது. நீங்கள் எவ்வளவு நீளமாக வைத்தாலும் முதல் 8 எழுத்துகளைத்தான் அது பார்க்கும்.

சரியான வழி, போர்ட்டை சர்வருக்கு உள்ளேயே பூட்டி வைத்துவிட்டு, எஸ்எஸ்எச் வழியாகச் சுரங்கம் போடுவது. உங்கள் லேப்டாப்பின் 5900-ஐத் தட்டினால் அது சுரங்கம் வழியாகப் போய் சர்வரின் 5900-ல் எழும். வெளியே யாருக்கும் எதுவும் தெரியாது. லேப்டாப்பில் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். 'விர்ட் மேனேஜர்' என்ற மென்பொருளில் சர்வரின் முகவரியைக் கொடுத்தால் சுரங்கத்தை அதுவே தோண்டிக்கொள்ளும். சர்வரில் ஜன்னல் தேவையில்லை. ஜன்னல் உங்கள் லேப்டாப்பில் இருந்தால் போதும்.

இரண்டாவது வழி 'சீரியல் கன்சோல்'. படமே வேண்டாம், எழுத்து மட்டும் போதும் என்று மெஷினிடம் சொல்லிவிடுவது. விர்ட்-இன்ஸ்டால் கட்டளையில் கன்சோல் எங்கே என்று ஒரு சின்ன வாசகம் சேர்க்க வேண்டும். மறந்தால் இன்ஸ்டால் உள்ளே ஜோராக நடந்துகொண்டிருக்கும், உங்களுக்குக் கறுப்புத் திரைதான் தெரியும். 'ஹேங் ஆயிடுச்சு' என்று நிறுத்திவிடுவீர்கள். உள்ளே போனவர்களுக்கு வெளியே வரத் தெரியாமல் தவிப்பது இன்னொரு வழக்கமான காட்சி. கன்ட்ரோல் விசையோடு மூடும் சதுர அடைப்புக்குறியை அழுத்தினால் வெளியே வரலாம்.

மூன்றாவது வழி இன்ஸ்டால் செய்யாமலே விடுவது. உபுண்டு, டெபியன் போன்றவை ஏற்கெனவே இன்ஸ்டால் செய்து முடித்த டிஸ்க்கை ஒரே கோப்பாக இலவசமாகத் தருகின்றன. 'கிளவுட் இமேஜ்' என்று பெயர். அதை டவுன்லோடு செய்து, கூடவே பெயர், பயனர், எஸ்எஸ்எச் சாவி ஆகியவற்றை எழுதிய ஒரு சின்னக் கோப்பைக் கொடுத்தால், முதல் முறை எழும்போதே 'கிளவுட்-இனிட்' என்ற நிரல் அதைப் படித்துத் தன்னைத் தயார் செய்துகொள்ளும். ஓரிரு நிமிடங்களில் மெஷின் தயார். ஹெட்லெஸ் சர்வருக்கு இதுதான் பொருத்தமான வழி. ஒரே எச்சரிக்கை, பெரும்பாலான கிளவுட் இமேஜ்களில் முன்கூட்டியே வைத்த பாஸ்வேர்டு எதுவும் கிடையாது. சாவியை எழுத மறந்தாலோ, கோப்பில் ஓர் இடைவெளி தவறினாலோ மெஷின் எழும், ஆனால் யாராலும் உள்ளே போக முடியாது. நல்லவேளை, அதை அழித்துவிட்டு மறுபடி செய்ய ஐந்து நிமிடம்தான்.

எல்லோரும் விழும் குழி

இதுவரை செய்த எதிலும் பெரிய ஆபத்து இல்லை. தவறினாலும் உள்ளே இருக்கும் போர்ஷன்தான் கெடும், வீடு நிற்கும். நெட்வொர்க்குக்கு வரும்போது கதை வேறு.

லிப்விர்ட் போட்டதுமே அது தானாக ஒரு உள் நெட்வொர்க்கை அமைத்துவிடும். மெஷின்களுக்கு 192.168.122 என்று தொடங்கும் முகவரிகள் கிடைக்கும். இந்த 'நாட்' முறையில் உள்ளே இருப்பவர்கள் இணையத்துக்குப் போகலாம். ஆனால் வெளியிலிருந்து யாரும் அவர்களை நேரடியாகக் கூப்பிட முடியாது. வீட்டு வாசலில் ஒரே தபால் பெட்டி, வீட்டுக்காரர்தான் பிரித்துக் கொடுப்பார் என்பது மாதிரி.

பலருக்கு இது போதும். டெஸ்டிங் செய்கிறவர்கள், உள்ளே ஒரு வெப்சைட்டை ஓட்டி அதற்கு முன்னால் சர்வரிலேயே ஒரு என்ஜின்எக்ஸ் வைத்துத் திருப்பிவிடுகிறவர்கள், இதைத் தாண்டிப் போகவே வேண்டியதில்லை. ஆனால் 'ஒவ்வொரு மெஷினுக்கும் தனி ஐபி வேணும், தனி வாசல் வேணும்' என்ற ஆசை வரும்போதுதான் 'பிரிட்ஜ்' உள்ளே வருகிறது.

பிரிட்ஜ் என்பது சர்வருக்குள்ளேயே மென்பொருளால் செய்த ஒரு ஸ்விட்ச். சர்வரின் நெட்வொர்க் கார்டையும் விர்ச்சுவல் மெஷின்களின் பாவனைக் கார்டுகளையும் அதில் செருகுகிறீர்கள். எல்லோரும் ஒரே தெருவில் வந்துவிடுவார்கள். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. கார்டை பிரிட்ஜில் செருகியதும், அதுவரை கார்டின் பெயரில் இருந்த ஐபி முகவரி அங்கே வேலை செய்யாது. அதை எடுத்து பிரிட்ஜின் பெயருக்கு மாற்ற வேண்டும்.

இப்போது அந்தப் பெருங்குடி அறையில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். இணையத்தில் கிடைத்த ஒரு செய்முறையைப் பார்த்து ஒவ்வொரு கட்டளையாக அடிக்கிறார். பிரிட்ஜை உருவாக்கு, என்டர். கார்டை பிரிட்ஜில் சேர், என்டர். அந்த என்டருக்குப் பிறகு திரையில் கர்சர் நகரவில்லை. அடுத்த கட்டளை 'முகவரியை பிரிட்ஜுக்கு மாற்று'. அதை அடிக்கத்தான் வேண்டும். ஆனால் அடிப்பது போய்ச் சேர வேண்டிய முகவரியே இப்போது இல்லை. இரண்டாவது கட்டளை அவர் உட்கார்ந்திருந்த மரக்கிளையை வெட்டிவிட்டது.

சர்வர் கெடவில்லை. ஹெல்சின்கியில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதனோடு பேசத்தான் வழியில்லை.

பக்கத்திலேயே இருக்கும் வேறு சில குழிகளும் இதே ரகம். ஃபயர்வாலை ஆன் செய்யும்போது எஸ்எஸ்எச்-சுக்கு அனுமதி கொடுக்க மறப்பது ஒன்று. உபுண்டுவின் ஃபயர்வால் கருவி 'இது இப்போதைய எஸ்எஸ்எச் இணைப்பைப் பாதிக்கலாம், தொடரவா?' என்று கேட்கத்தான் செய்கிறது. எல்லாக் கேள்விக்கும் 'ஒய்' அடித்துப் பழகிய விரல் அதற்கும் 'ஒய்' அடித்துவிடும். இன்னொன்று, சில ஹோஸ்டிங் நிறுவனங்களின் விதி. சர்வரின் நெட்வொர்க் கார்டுக்கு இருக்கும் 'மேக்' முகவரியைத் தவிர வேறு மேக் முகவரியிலிருந்து எதுவும் வெளியே வரக் கூடாது என்பார்கள். பிரிட்ஜ் போட்டதும் ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினும் தன் சொந்த மேக் முகவரியோடு வெளியே தலைகாட்டும். நிறுவனத்திடமிருந்து எச்சரிக்கை வரும், சில இடங்களில் இணைப்பையே துண்டித்துவிடுவார்கள். அதனால் பிரிட்ஜ் போடுவதற்கு முன் அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் இந்த ஒரு விஷயத்தைப் படித்துவிடுவது நல்லது. கூடுதல் ஐபி வாங்கும்போதே அதற்கென்று தனி மேக் முகவரி கேட்டு வாங்க வேண்டியிருக்கலாம்.

கயிறு கட்டிக்கொண்டு இறங்குவது

கிணற்றில் இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் இறங்குவார். இங்கேயும் அந்தக் கயிறுகள் இருக்கின்றன.

முதல் கயிறு நேரக்கெடு. உபுண்டுவில் நெட்வொர்க் அமைப்பை எழுதும் 'நெட்ப்ளான்' கருவியில் 'ட்ரை' என்று ஒரு கட்டளை உண்டு. புதிய அமைப்பைப் போட்டுவிட்டு 120 விநாடிகள் காத்திருக்கும். அதற்குள் நீங்கள் என்டர் அழுத்தி 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று சொல்லாவிட்டால், பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். வெளியே மாட்டிக்கொண்டவரால் என்டர் அழுத்த முடியாது அல்லவா? அதுதான் சூட்சுமம். ஆனால் பிரிட்ஜுக்குத் தனிப்பட்ட அளவுருக்கள் கொடுத்திருந்தால் 'ட்ரை'யால் அவற்றைப் பழையபடி திருப்ப முடியாது. நமக்கு அதிகம் தேவைப்படும் இடத்திலேயே இந்தக் கயிறு நைந்துபோகலாம் என்பதைப் பல செய்முறைக் குறிப்புகள் சொல்வதில்லை.

அதனால் அனுபவசாலிகள் இன்னும் பழைய முறையையே நம்புகிறார்கள். மாற்றத்துக்கு முன் பழைய நெட்வொர்க் கோப்புகளைப் பிரதி எடுத்து வைப்பார்கள். 'இன்னும் பத்து நிமிடத்தில் இந்தப் பழைய கோப்புகளைத் திரும்ப வைத்து சர்வரை ரீபூட் செய்' என்று சர்வரிடமே டைமர் வைத்துவிடுவார்கள். பிறகுதான் புதிய அமைப்பைப் போடுவார்கள். அதுவும் ஒவ்வொரு வரியாக அடிக்காமல், மொத்தத்தையும் ஒரே கோப்பில் எழுதி ஒரே தடவையில். உள்ளே போக முடிந்தால் டைமரை ரத்து செய்வார்கள். முடியவில்லையென்றால் டீ குடித்துவிட்டு வருவார்கள், சர்வர் பழையபடி காத்திருக்கும். டைமரை ரத்து செய்ய மறந்துவிட்டு, எல்லாம் சரியாக ஓடும்போது சர்வர் திடீரென்று ரீபூட் ஆவதைப் பார்த்துத் திகைப்பவர்களும் உண்டு.

எஸ்எஸ்எச் அமைப்பிலேயே கை வைக்கும்போது இன்னொரு எளிய விதி. இருக்கும் இணைப்பை மூடாதீர்கள். வேறொரு டெர்மினலைத் திறந்து, புதிதாக உள்ளே போக முடிகிறதா என்று பார்த்த பிறகே பழையதை மூடுங்கள். அமைப்பு தவறாக இருந்தாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு பொதுவாக உயிரோடு இருக்கும்.

கடைசிக் கயிறு, சர்வரின் இன்னொரு வாசல். நல்ல சர்வர்களில் முக்கியக் கணினிக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டிக் கணினி இருக்கும். டெல் அதை 'ஐடிராக்' என்கிறது, எச்பிஇ 'ஐஎல்ஓ' என்கிறது. முக்கியக் கணினி அணைந்திருந்தாலும் இது விழித்திருக்கும். இதன் வழியாகப் போனால் சர்வருக்கு முன்னால் மானிட்டர் வைத்து உட்கார்ந்த மாதிரியே திரையைப் பார்க்கலாம், பயாஸில் கூட நுழையலாம். விலை குறைந்த வாடகை சர்வர்களில் இது இருக்காது. அதற்குப் பதிலாக 'ரெஸ்க்யூ சிஸ்டம்' என்று ஒன்று தருவார்கள். சர்வரை வேறொரு சின்ன லினக்ஸில் எழுப்பி, உங்கள் டிஸ்க்கை உள்ளே திறந்து கோப்பைத் திருத்தலாம். எது இருக்கிறது, அதற்குள் எப்படி நுழைவது என்பதை முதல் நாளே ஒரு முறை செய்து பார்த்துவிட வேண்டும். இரவு 2 மணிக்கு மாட்டிக்கொண்ட பிறகு படித்தால் தலையில் ஏறாது. அந்தக் குட்டிக் கணினியை இணையத்தில் திறந்துவிடுவதும் கூடாது. அதில் பழைய பாதுகாப்பு ஓட்டைகள் உண்டு. விபிஎன்னுக்குப் பின்னால்தான் அது இருக்க வேண்டும்.

இவ்வளவும் வேண்டாம், பிரவுசரிலேயே கிளிக் செய்து முடித்துவிடலாமே என்பவர்களுக்கு 'ப்ராக்ஸ்மாக்ஸ்' இருக்கிறது. வியன்னாவிலிருந்து வரும் இந்த இலவச மென்பொருளும் உள்ளே கேவிஎம்தான். 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கி, ஒரே தடவை பணம் கட்டும் லைசென்ஸ்களை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றிய பிறகு, இதன் பக்கம் வந்தவர்கள் அதிகம். வசதியானதுதான். ஆனால் அதிலும் நெட்வொர்க் பிரிட்ஜ் இருக்கிறது, அதே குழி இருக்கிறது. 8006 போர்ட்டில் ஓடும் அதன் லாகின் பக்கத்தை ஊர் உலகத்துக்குத் திறந்து வைக்கும் புதுக் குழி ஒன்று கூடுதல்.

'டெஸ்ட்ராய்' என்றால் அழிப்பதா?

மெஷின்கள் ஓடத் தொடங்கிய பிறகு 'வெர்ஷ்' என்ற கருவிதான் அன்றாடத் துணை. இதில் பெயர்கள்தான் பயமுறுத்தும். 'டெஸ்ட்ராய்' என்றால் மெஷின் அழிந்துவிடாது, பவர் வயரைப் பிடுங்குவதற்குச் சமம். எழுதிக்கொண்டிருந்த டேட்டா போகலாம், ஆனால் மெஷின் மறுபடி எழும். 'அன்டிஃபைன்' என்ற சாதுவான சொல்தான் மெஷினின் ஜாதகத்தையே நீக்கிவிடும். 'லிஸ்ட்' என்று கேட்டால் ஓடுகிற மெஷின்களை மட்டும் காட்டும். அணைந்திருப்பவை தெரிய 'ஆல்' சேர்க்க வேண்டும். 'ஐயோ, மெஷினைக் காணோம்' என்ற பதற்றத்தில் பாதி இதனால் வருவது.

வளங்களைப் பங்கிடும்போது சிபியுவில் தாராளம் காட்டலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. ரேமில் அது ஆகாது. இருக்கும் ரேம் முழுவதையும் மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு சர்வருக்கு எதுவும் மிச்சம் வைக்காவிட்டால், நெருக்கடி வரும்போது லினக்ஸ் அதிகம் சாப்பிடுகிற ஒரு நிரலைத் தேடிப் பிடித்துக் கொன்றுவிடும். அது பெரும்பாலும் உங்கள் மெஷின்களில் ஒன்றாகத்தான் இருக்கும்.

டிஸ்க்கிலும் ஒரு மாயை உண்டு. 'கியூகவ்2' வகை டிஸ்க் கோப்பு 100 ஜிபி என்று சொல்லிக்கொள்ளும், ஆனால் எழுத எழுதத்தான் வளரும். 500 ஜிபி டிஸ்க்கில் இப்படிப் பத்து மெஷின்களை வைக்கலாம், முதல் நாள் எதுவும் தெரியாது. ஒரு நாள் சர்வரின் டிஸ்க் நிரம்பும். அப்போது எழுத முயலும் மெஷின்கள் எல்லாம் 'பாஸ்டு' என்று அப்படியே உறைந்து நிற்கும். இடம் ஒதுக்கிக் கொடுத்து எழுப்பினால் தொடரும் என்பது ஆறுதல். மெஷினின் ஒரு கணத்தை அப்படியே பிடித்து வைக்கும் 'ஸ்னாப்ஷாட்' வசதியும் அருமையானது, அப்டேட்டுக்கு முன் எடுத்து வைக்கலாம். ஆனால் அது இருப்பதும் அதே டிஸ்க்கில்தான். டிஸ்க் போனால் இரண்டும் கோவிந்தா. பேக்கப் வேறு சர்வரில் இருக்க வேண்டும்.

ஒரு முறை வேண்டுமென்றே ரீபூட் செய்யுங்கள்

எல்லாம் ஓடுகிறது, தளத்தைப் பயனர்கள் பார்க்கிறார்கள் என்றதும் சர்வரைத் தொடவே பயமாக இருக்கும். ஆனால் அந்தப் பயனர்கள் வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. சர்வரை ஒரு முறை முழுதாக ரீபூட் செய்வது.

காரணம், கையால் அடித்த பல கட்டளைகள் நினைவகத்தில் மட்டும் இருக்கும், கோப்பில் இருக்காது. பிரிட்ஜ் இன்று இருக்கும், ரீபூட்டுக்குப் பின் இருக்காது. விர்ச்சுவல் மெஷின்களும் அப்படித்தான். 'ஆட்டோஸ்டார்ட்' என்று ஒவ்வொரு மெஷினுக்கும் சொல்லி வைக்காவிட்டால், சர்வர் எழுந்த பிறகு அவை எழாது. ஆறு மாதம் கழித்து டேட்டா சென்டரில் மின்சாரம் தடைப்பட்டு, நள்ளிரவில் இதைக் கண்டுபிடிப்பதைவிட, சனிக்கிழமை காலையில் காபியோடு கண்டுபிடிப்பது மேல்.

ரெஸ்க்யூ பக்கத்தை ஒரு டேபில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு டெர்மினலில் சர்வருக்கு 'பிங்' ஓடட்டும். ரீபூட் கொடுத்ததும் பதில்கள் நின்றுவிடும். லேப்டாப் மாதிரி அரை நிமிடத்தில் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். சர்வர்கள் தங்கள் நினைவகத்தையும் டிஸ்க்குகளையும் சோதித்துவிட்டு எழ சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும், ரேம் அதிகமாக இருந்தால் இன்னும் கூட. இரண்டாவது நிமிடத்தில் பொறுமை இழந்து கன்ட்ரோல் பேனலில் ரீசெட் பட்டனை அழுத்தினால், அந்தச் சோதனை முதலிலிருந்து தொடங்கும். பிங் பதில் மறுபடி வரத் தொடங்கியதும் எஸ்எஸ்எச்-சில் உள்ளே போய் 'லிஸ்ட்' அடியுங்கள். இந்த முறை 'ஆல்' சேர்க்காமல்.